என் மகளின் இமையைக் காத்தவள்

1979ஆம் வருஷம், மார்கழி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி நாற்பது நிமிடம். அந்த நேரத்தில் எனக்குச் சந்தேகமே கிடையாது. சுவர்க் கடிகாரத்துக்கு ஞாயிறுதோறும் சாவி கொடுப்பது என் வேலை. முக்காலியின் மேல் நின்று சாவியைத் திருகிக்கொண்டிருந்தேன். முள் என் முகத்துக்கு நேராக இருந்தது. அப்போதுதான் என் தம்பியின் சாயப்பட்டறையிலிருந்து ஓர் ஆள் ஓடிவந்து வாசலில் மூச்சு வாங்க நின்றான்.

"வாத்தியாரய்யா, பாப்பா கண்ணுல காஸ்டிக் அடிச்சிருச்சுங்க. வெரசா வாங்க."

முக்காலியிலிருந்து எப்படி இறங்கினேன் என்று தெரியாது. செருப்பில்லாமல் ஓடினேன்.

நம் மாரியம்மன் கோவில் வெள்ளிக்கிழமை வழிபாட்டில் இதைச் சொல்ல வேண்டும் என்று பல தடவை எழுந்திருக்கிறேன். முதல் வரியைத் தாண்டியதில்லை. "இன்னொரு நாள் பார்க்கலாம்" என்று உட்கார்ந்துவிடுவேன். அதனால்தான் எழுதித் தருகிறேன். எனக்காக வேறு யாராவது படித்தால் போதும்.

நான் குமாரபாளையத்தில் நடுநிலைப் பள்ளி ஆசிரியர். பிள்ளைகளுக்கு வரலாறும் தமிழும் சொல்லிக்கொடுக்கிறேன். எங்கள் குடும்பம் தறிக் குடும்பம். நான் ஒருவன்தான் படித்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன். தம்பி சுந்தரம் காவிரிக் கரைப் பக்கம் நூலுக்குச் சாயம் போடும் பட்டறை நடத்துகிறான். அவனும் அவன் மனைவி ராஜாமணியும் கூலியாட்களோடு சேர்ந்து தாங்களும் வேலை செய்வார்கள். எங்களுக்கு ஒரே மகள், கோமதி. அவர்களுக்குப் பிள்ளையில்லை. அதனால் கோமதி இரண்டு வீட்டுக்கும் மகள்.

சின்ன வயதில் அவள் பட்டறையிலேயே கிடப்பாள். ஒரு தொட்டியில் முக்கிய நூல் வெறும் மஞ்சளாக வெளியே வரும். அதையே அடுத்த தொட்டியில் முக்கினால் கண்ணெதிரே ரத்தச் சிவப்பாக மாறும். "ஏன் மாறுது?" என்று எல்லோரையும் கேட்பாள். சுந்தரத்துக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. பி.யூ.சி. முடித்ததும் "அதைப் படிக்கத்தான் போறேனுங்கப்பா" என்றாள். சேலத்தில் பெண்கள் கல்லூரியில் பி.எஸ்ஸி. வேதியியல் சேர்த்து, விடுதியில் விட்டுவிட்டு வந்தேன். பெண்பிள்ளைக்கு ஆசிரியர் பயிற்சி போதாதா, அமிலத்தோடு எதற்கு விளையாட்டு என்று உறவில் பலர் கேட்டார்கள். என் மனைவி சரோஜாவும் கேட்டாள். நான்தான் பிடிவாதமாக அனுப்பினேன். சுந்தரம் ஒருவன்தான் சந்தோஷப்பட்டான். பட்டறைக்கு யார் வந்தாலும் "எங்கூட்டு விஞ்ஞானி சேலத்துல படிக்குது" என்பான்.

அந்த மார்கழியில் அவள் இரண்டாம் ஆண்டு. விடுமுறைக்கு வந்திருந்தாள். பட்டறையில் சாயம் திட்டுத் திட்டாக ஏறுகிறது என்று சுந்தரம் குறைப்பட்டதும், சாயம் பிடிக்கச் சேர்க்கும் காஸ்டிக் சோடாக் கரைசல் சரியான அளவில் இல்லையோ என்று பார்க்கப் போனாள். குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது ஓர் ஆள் காஸ்டிக் கட்டியை உடைத்துத் தண்ணீர் வாளியில் போட்டிருக்கிறான். கொதித்துத் தெறித்தது.

எங்கள் தொழிலை அறியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். காஸ்டிக் பட்ட கை சோப்புப் போட்டது போல வழவழவென்று வழுக்கும். எத்தனை தண்ணீர் ஊற்றினாலும் அந்த வழுவழுப்பு சட்டென்று போகாது. புளித் தண்ணீரில் முக்கினால் உடனே போய்விடும். அதனால் பட்டறைக்காரர்கள் எல்லோருக்கும் ஒரே வைத்தியம்தான். கையில் பட்டாலும் காலில் பட்டாலும் புளி. கண்ணில் பட்டால் என்ன செய்வது என்று அதுவரை யாரும் யோசித்ததில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது கோமதி தரையில் கிடந்தாள். கண்ணைக் கசக்கிவிடாமல் இரண்டு பெண்கள் அவள் கைகளை அழுத்திப் பிடித்திருந்தார்கள். ராஜாமணி அழுதுகொண்டே புளியைக் கரைத்துக் கரைத்து அவள் முகத்தில் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"புளி வேண்டாஞ் சின்னம்மா! பச்சத் தண்ணி! பச்சத் தண்ணி ஊத்துங்க!"

"இரு சாமி, இரு. புளி பட்டா காஸ்டிக்கு செத்துப்போயிரும்."

"அய்யோ, தண்ணிங்கறேனே! ஒருத்தரும் கேக்க மாட்டீங்களா?"

"எரிச்சல்ல என்னத்தையோ பேசுது. கையை உட்றாதீங்க" என்றான் பட்டறையின் மூத்த ஆள்.

எனக்கு வேதியியல் தெரியாது. ஆனால் என் மகளைத் தெரியும். அவளைத் தூக்கிக்கொண்டு போய்க் கிணற்றுத் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் சாய்த்தேன். வாளி வாளியாக ஊற்றினேன். "கண்ணை விரிச்சுப் புடிச்சு ஊத்துங்கப்பா. நிறுத்தாதீங்க. நான் கத்துனாலும் நிறுத்தாதீங்க" என்றாள். கத்தினாள். நான் நிறுத்தவில்லை. சுந்தரம் ஓடிப்போய் அழைத்த வாடகைக் கார் வந்து நிற்கும்வரை ஊற்றினேன்.

என் பின்னாலேயே ஓடிவந்திருந்த சரோஜா காருக்குள் ஏறி அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். ராஜாமணியும் ஏறப் போனாள். சரோஜா அவள் கையைக் கதவிலிருந்து பிடுங்கிவிட்டாள்.

"என் பொண்ணு கண்ண அவிச்சது போதும். இறங்கு."

தெருவே நின்று கேட்டுக்கொண்டிருந்தது. ராஜாமணி கையெல்லாம் புளியோடு அப்படியே நின்றாள். கார் நகர்ந்துவிட்டது.

பவானியில் ஒரு டாக்டர் பார்த்துவிட்டு உடனே கோயம்புத்தூருக்கு அனுப்பினார். அங்கே கண் மருத்துவமனையில் சேர்த்தோம். கண் டாக்டர் அம்மா வெகுநேரம் கண்ணைக் கழுவிவிட்டு வெளியே வந்தார்.

"தண்ணி ஊத்துனது நீங்களா? அதனாலதான் வலது கண்ணு தப்பிச்சுது. இடது கண்ணைப் பத்தி இப்ப ஒண்ணும் சொல்ல முடியாது."

"புளித்தண்ணி கெடுத்துருச்சுங்களா?"

"புளி பெரிசா ஒண்ணும் கெடுக்கல. அதைக் கரைக்கற நேரத்துல காஸ்டிக் உள்ள போயிருச்சு. இதுல ஒவ்வொரு நிமிஷமும் கணக்கு."

அங்கே பெண்கள் வார்டில் ஆண்களை விடமாட்டார்கள். கூட ஒரு பெண் மட்டும் இருக்கலாம். சரோஜா உள்ளே இருந்தாள். நான் வெளியே ஒரு புங்க மரத்தடியில் இருந்தேன். சாயங்காலம் கொஞ்ச நேரம் மட்டும் உள்ளே விடுவார்கள். மற்ற நேரமெல்லாம் மரமும் நானும்தான்.

அன்பர்களே, தனிமை என்றால் என்ன என்று நான் அந்த மரத்தடியில்தான் தெரிந்துகொண்டேன். மற்ற நோயாளிகளுக்குத் தூக்குப்பாத்திரத்தோடு உறவுக்காரர்கள் வந்துகொண்டே இருப்பார்கள். வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள், சண்டை போடுவார்கள், சிரிப்பார்கள். எங்கள் பக்கமிருந்து ஒருவரும் வரவில்லை. சுந்தரம் வரவில்லை. வந்தால் சரோஜா என்ன சொல்வாளோ என்ற பயம். அவனே வராதபோது நாம் எப்படிப் போவது என்று மற்றவர்களும் நின்றுவிட்டார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பல்லடத்துப் பெரியவர் ஒருநாள் கேட்டார்.

"ஏனுங்க வாத்தியாரே, உங்க சாதிசனம் யாரும் காணோமே?"

"எல்லாரும் வந்து பாத்துட்டுப் போயிட்டாங்க" என்று பொய் சொன்னேன்.

அவர் தன் சாப்பாட்டில் பாதியை என் பக்கம் தள்ளினார்.

சரோஜாவும் பேசவில்லை. முதல் நாள் ஒரே ஒரு தடவை, "கெமிஸ்ட்ரி படிக்க வெச்சது நீங்கதானுங்க" என்றாள். அவ்வளவுதான். அதன்பிறகு மருந்துச் சீட்டைக் கொடுப்பாள், வாங்குவாள். என் முகத்தைப் பார்க்க மாட்டாள்.

பிரார்த்தனை செய்தேனா என்று நீங்கள் கேட்கலாம். சட்டைப் பையில் நம் தெரு மாரியம்மன் கோவில் குங்குமப் பொட்டலம் இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒரு வார்த்தை வராது. வெள்ளிக்கிழமைகளில் நாம் பாடுகிற பாட்டெல்லாம் மறந்துபோயிற்று. "தாயே" என்பேன். அதற்கு மேல் என்ன கேட்பது? கண்ணைக் கொடு என்பதா? அவள் படிப்பைக் கொடு என்பதா? நடந்ததை நடக்காமல் செய் என்பதா? எல்லாம் ஒரே நேரத்தில் நெஞ்சில் முட்டும். ஒன்றும் வெளியே வராது. அம்மன் என்னைக் கைவிட்டுவிட்டாள் என்றுகூட நினைத்தேன். மறைக்க விரும்பவில்லை.

ஒரு சாயங்காலம் உள்ளே போனபோது கோமதி இரண்டு கண்ணிலும் கட்டோடு படுத்திருந்தாள். காலடிச் சத்தத்தில் என்னைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"அப்பா, நாளெல்லாம் வெளிய உக்காந்து என்ன பண்றீங்க?"

"சாமி கும்புட்டுட்டு இருக்கறேம்மா."

"என்னன்னு கேக்கறீங்க?"

சாப்பிட்டாயா என்று பேச்சை மாற்றினேன். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"மொத்தமாக் கேக்காதீங்கப்பா. லேப்ல எங்களுக்கு ஒரு உப்பக் குடுத்து இதுல என்ன இருக்குதுன்னு கேப்பாங்க. எல்லாத்தையும் ஒரே நேரத்துல தேடுனா ஒண்ணும் கெடைக்காது. முதல்ல ஒண்ணு இருக்குதா இல்லியான்னு பாப்போம். அப்புறம் அடுத்தது. நாளைக்குக் கட்டு அவுக்கறாங்க. வெளிச்சம் தெரியோணும்னு மட்டும் கேளுங்க."

மரத்தடிக்கு வந்து உட்கார்ந்தேன். குங்குமப் பொட்டலத்தை எடுத்தேன். "தாயே, நாளைக்கு அவளுக்கு வெளிச்சம் தெரிய வேண்டும்" என்றேன். அந்த ஆஸ்பத்திரிக்கு வந்ததிலிருந்து என் வாயிலிருந்து வந்த முதல் முழு வேண்டுதல் அதுதான்.

மறுநாள் கட்டை அவிழ்த்தார்கள். வலது கண் நன்றாகத் தெரிந்தது. இடது கண்ணில் பால் ஊற்றினது போல வெள்ளையாக இருந்தது. ஆனால் டாக்டர் டார்ச் விளக்கைக் காட்டியபோது அது எந்தப் பக்கம் இருக்கிறது என்று சொல்லிவிட்டாள். அடுத்த தடவை, "தாயே, என் விரல் தெரிய வேண்டும்" என்று கேட்டேன். சில நாள் கழித்து அதுவும் மங்கலாகத் தெரிந்தது. ஒவ்வொன்றாகக் கேட்டேன். ஒவ்வொன்றாகக் கிடைத்தது. கிடைக்காத நாட்களில் அதையே மறுபடி கேட்டேன்.

பிறகு இன்னொரு பயம் வந்தது. வெந்த புண் ஆறும்போது இமையின் உட்பக்கம் கண்விழியோடு ஒட்டிக்கொள்ளுமாம். ஒட்டிவிட்டால் கண்ணைத் திறக்க முடியாது, பார்வை வந்தும் பயனில்லை. அதைத் தடுக்க ஒரு மெல்லிய கண்ணாடிக் கோலைக் களிம்பில் தோய்த்து, இமைக்கும் விழிக்கும் நடுவே விட்டு, ஓரத்துக்கு ஓரம் இழுத்துவிட வேண்டும். தினமும் பல தடவை. அந்தக் கோலைப் பார்த்துவிட்டு கோமதி நர்ஸிடம், "இது எங்க லேப்ல கலக்கறதுக்கு வெச்சிருக்கறதுங்கக்கா. பாத்து, என்னையக் கலக்கி உட்றாதீங்க" என்றாள். நர்ஸ் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை.

தை கடைசியில் வீட்டுக்கு அனுப்பினார்கள். கோலைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுப்பதிலிருந்து எல்லாவற்றையும் நர்ஸ் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். முதல் நாள் சரோஜா முயன்றாள். கோல் விழியில் பட்டதும் மயங்கி விழுந்தாள். அதன்பிறகு அந்த வேலை என்னுடையது. பள்ளிக்கு நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்தேன்.

வீடு காலியாக இருந்தது. தறிச் சத்தம் தெரு முழுக்கக் கேட்கும், ஆனால் எங்கள் வாசலில் யாரும் ஏறவில்லை. சாயப்பட்டறைக்காரர்களுக்கு நாங்கள் பட்டறையைக் குற்றம் சொல்கிறோம் என்று மனக்கசப்பு. மற்றவர்களுக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை. என்னோடு வேலை பார்த்த ஓர் ஆசிரியர் மட்டும் தெருவில் என்னை நிறுத்தி, "நான் அப்பவே சொன்னேன் பாருங்க, டீச்சர் ட்ரெய்னிங் சேத்துங்கன்னு. இனி யாரு கட்டிக்குவா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக்கூட நிற்காமல் போய்விட்டார்.

என் கை நடுங்கும். சாக்பீஸ் பிடித்த கை. பெற்ற மகளின் கண்ணுக்குள் கண்ணாடியை விடுவது என்றால் யாருக்குத்தான் நடுங்காது? மரத்துப்போகச் சொட்டு மருந்து விட்டாலும் அவளுக்கு வலிக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு என் வேட்டியைப் பிடித்துக்கொள்வாள். சரோஜா சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள்.

ஒரு காலையில் கோல் நகரவில்லை. கீழ் இமையின் ஓரத்தில் ஏதோ தடுத்தது. பசை போட்டது போல இருந்தது. எனக்குப் புரிந்துவிட்டது. ஒட்ட ஆரம்பித்துவிட்டது. அழுத்தி இழுத்தால் புண் கிழியும். இழுக்காமல் விட்டால் ஒட்டியே போய்விடும். டாக்டர் கோயம்புத்தூரில். பக்கத்தில் கேட்க ஒருவர் இல்லை. சமையலறைக் கதவு சாத்தியிருந்தது.

கோலை வெளியே எடுத்தேன். கையில் கோல் ஆடியது. "என்னங்கப்பா?" என்றாள். "ஒண்ணுமில்ல" என்றேன். பூஜை மாடத்தின் முன்னால் போய் நின்றேன். "தாயே, கண் வேண்டும் என்றுகூட இப்போது கேட்கவில்லை. என் கையை மட்டும் பிடித்துக்கொள். இந்த ஒரு தடவை பிடித்துக்கொள்" என்றேன். சத்தமாகவே சொன்னேன். சமையலறைக்குள் சரோஜாவுக்குக் கேட்டிருக்கும்.

திரும்பி வந்து களிம்பை நிறையத் தோய்த்தேன். கோலை இமைக்குள் விட்டேன். நான் சொல்வதை நம்புங்கள், என் கை நடுங்கவில்லை. கை என்னுடையதாகவே இல்லை. மெதுவாக, நூல் சிக்கெடுப்பது போல, அந்த ஓரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளினேன். அவள் அலறினாள். திடீரென்று தடை விலகியது. கோல் ஓரத்துக்கு ஓரம் வழுக்கிக்கொண்டு போயிற்று.

அது பழக்கத்தால் வந்தது என்று சொல்பவர்கள் சொல்லட்டும். அதற்கு முந்தின நிமிடம் வரை நடுங்கிய கை அது. அன்றிலிருந்து கடைசி நாள் வரை நடுங்கவில்லை.

மாசியில் கோயம்புத்தூர் போனோம். டாக்டர் இமையைப் புரட்டிப் பார்த்தார். மறுபடி பார்த்தார். "எங்கயும் ஒட்டல. வீட்டுல யார் பண்ணுனது?" என்றார். அதுவரை என் முகத்தைப் பார்க்காதிருந்த சரோஜா, "இவர்தானுங்க" என்று என்னைக் காட்டினாள். நான் அந்தச் சுவரோரமாகவே உட்கார்ந்துவிட்டேன்.

முழுதாகச் சரியாயிற்றா என்று கேட்டால், இல்லை. இடது கண்ணின் ஓரத்தில் இன்றும் ஒரு வெள்ளைத் திட்டு இருக்கிறது. அந்தப் பக்கம் கொஞ்சம் புகை மூட்டமாகத்தான் தெரியும். ஆனால் இமை திறக்கிறது, பார்வை இருக்கிறது. உயிரோடு இருக்கும்வரை இதற்கு நான் நன்றி சொல்வேன்.

அடுத்த சண்டை வீட்டுக்குள் வந்தது. சித்திரையில் செய்முறைத் தேர்வு. கல்லூரியில் மருத்துவச் சான்று பார்த்து, வருகைக் குறைவை மன்னித்து எழுத அனுமதித்தார்கள். கோமதி பெட்டியைக் கட்டினாள். சரோஜா அவள் துணிகளை எடுத்து வெளியே போட்டாள்.

"இருக்கற கண்ணையும் குடுத்துட்டு வரப் போறியா? ஊட்டுல கெட. படிச்சது போதும்."

"போதாதும்மா" என்றாள் கோமதி. "அன்னைக்கு நான் தண்ணி தண்ணின்னு கத்துனேன். சரியாத்தான் சொன்னேன். ஒருத்தர் கேக்கல. சின்னம்மாவே கேக்கல. பாதிப் படிப்புக்காரி, எரிச்சல்ல உளறுதுன்னுட்டாங்க. நான் இத முடிச்சாத்தானே நாளைக்கு நான் சொன்னா யாராச்சும் கேப்பாங்க?"

சரோஜா அழுதாள். அதன்பிறகு வெளியே போட்ட துணிகளை அவளே மடித்துப் பெட்டியில் வைத்தாள்.

தேர்வு நாளில் கல்லூரி வாசலில் நின்றேன். கூட யாருமில்லை. அன்றைய சோதனை நிறத்தில்தான் இருக்கிறது என்று கோமதி முந்தின நாளே சொல்லியிருந்தாள். நீண்ட கண்ணாடிக் குழாயிலிருந்து ஊதா நிறக் கரைசலைச் சொட்டுச் சொட்டாகக் குடுவையில் விட வேண்டும். ஏதோ ஒரு சொட்டில் மங்கலான ரோஜா நிறம் வந்து நிற்கும். அந்தச் சொட்டைத் தவறவிட்டால் கணக்கெல்லாம் தவறு. நல்ல கண்ணுக்கே அது தப்பும். மறுபடியும் செய்து இரண்டு அளவும் ஒத்துப்போனால்தான் சரி. "தாயே, அந்த நிறம் அவளுக்குத் தெரிய வேண்டும்" என்று கேட்டேன். வெயில் ஏறியது. காவல்காரர் நிழலில் வந்து நிற்கச் சொன்னார். நகர மனம் வரவில்லை.

பிள்ளைகள் வெளியே வர ஆரம்பித்தார்கள். கோமதி கடைசியில் வந்தாள். முகத்தைப் பார்த்து ஒன்றும் தெரியவில்லை. கிட்டே வந்து, "ரெண்டு ரீடிங்கும் அச்சு மாதிரி ஒண்ணாவே வந்துருச்சுங்கப்பா" என்றாள்.

பட்டப் படிப்பை முதல் வகுப்பில் முடித்தாள். எம்.எஸ்ஸி.யும் முடித்தாள். இப்போது ஒரு மருந்துக் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் இருக்கிறாள். கண்ணாடி அணிந்துகொள்கிறாள், அதன்மேல் இன்னொரு பாதுகாப்புக் கண்ணாடியும் போடுகிறாளாம். நான் இன்னும் சரியாகவில்லை. யாராவது தெருவில் ஓடிவரும் சத்தம் கேட்டால் எழுந்து நின்றுவிடுகிறேன். வீட்டில் புளி கரைத்தால் வெளியே போய்விடுகிறேன். ஆனால் முன்பு போல மனப்பாடமாகக் கும்பிடுவதில்லை. தினமும் காலையில் அன்றைக்கு வேண்டியது ஒன்றை மட்டும் கேட்கிறேன். என் வகுப்பில் ஒரு பையனுக்குக் காய்ச்சல் என்றால் அதைக் கேட்கிறேன்.

இதைப் படிக்கிறவர்களில் யாராவது இப்போது ஓர் ஆஸ்பத்திரி மரத்தடியில் தனியாக உட்கார்ந்திருக்கலாம். உங்களுக்காகத்தான் எழுதினேன். பெரிய வேண்டுதல் வாயில் வரவில்லை என்றால் பயப்பட வேண்டாம். அம்மன் கைவிட்டுவிட்டாள் என்று நினைக்க வேண்டாம். நாளைக்கு என்ன வேண்டும் என்று மட்டும் அவளிடம் சொல்லுங்கள். அவள் கேட்பாள். நான் கண்டவன் சொல்கிறேன்.

ஒன்றை மட்டும் சொல்லாமல் விட்டேன். அந்த வருஷம் ஆடி வெள்ளியில் அம்மனுக்கு வெள்ளிக் கண்மலர் சாத்தினோம். கோவிலில் பொங்கல் வைத்தோம். பொங்கல் வைத்தால் சொந்தபந்தம் சூழ உட்கார்ந்து சாப்பிடுவதுதான் நம் வழக்கம். நாங்கள் மூன்று பேர் மட்டும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். பானை நிறையப் பொங்கல் இருந்தது. சாப்பிட ஆளில்லை.

அப்போது கோவில் வாசலில் ராஜாமணி வந்து நின்றாள். பட்டறையிலிருந்து நேராக வந்திருக்கிறாள். முழங்கை வரை சாயச் சிவப்பு. சேலைகூட மாற்றவில்லை. உள்ளே வரவும் இல்லை, திரும்பிப் போகவும் இல்லை. சரோஜா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஓர் இலையை எடுத்துத் தண்ணீர் தெளித்துத் தன் பக்கத்தில் போட்டாள்.

ராஜாமணி வந்தாள். இலையில் உட்காரவில்லை. கோமதியின் முன்னால் போய்க் குந்தி, அவள் முகத்தைப் பிடித்துத் திருப்பி, அந்த இடது கண்ணை வெகுநேரம் பார்த்தாள். பிறகு சொன்னாள்:

"சாமி, ஒரு எட்டுப் பட்டறைக்கு வந்துட்டுப் போ. காஸ்டிக் பட்டா எடுத்த எடுப்புல பச்சத் தண்ணிதான்னு நீ வந்து சொல்லோணும். நானும் தெனமும் கத்தறேன், ஒருத்தனும் கேக்க மாட்டேங்கறான்."